ஒரு சாண் இரும்பு

“என்னய்யா இது, மூட்டைக்குள்ளே?”

“கத்திங்க.”

“கத்தின்னு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்.”

“கரும்பு வெட்டங்க.”

கேட்டவர் காக்கிச் சட்டைக்காரர். சொன்னவர் மேலுக்குச் சட்டையில்லாதவர். தோளிலே ஒரு துண்டு, அவ்வளவே. இடம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் ஓரிடம். காலம், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், காலை ஆறரை மணி. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. சாலைக்குச் சாலை சோதனை. பணம் போகிறதா, பரிசுப் பொருள் போகிறதா, படைக்கலம் போகிறதா என்று பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். நான் ஏறியிருந்த பேருந்தையும் நிறுத்தினார்கள். பணம் அகப்படவில்லை, பரிசுப் பொருள் அகப்படவில்லை, பின்னிருக்கையில் ஆறு பேர் அகப்பட்டார்கள்!

ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். இருளர் குடியினர். கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு கொல்லையில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். மடியிலே தூக்குவாளி, அதிலே பழைய சோறு, அதன்மேல் ஒரு வெங்காயம். காலடியிலே ஒரு சாக்கு, அதிலே சுருட்டிய ஆறு கத்திகள். இவ்வளவுதான் அவர்தம் பயணமூட்டை.

“இறங்குங்க எல்லாரும்.”

இறங்கினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை அவர்களுக்கு. நடத்துநர் மணியைப் பார்த்தார். முன்னிருக்கையில் ஒருவர், “இவங்களோட இதே தொல்லை” என்றார். யாரோடு, எந்தத் தொல்லை என்று அவர் விளக்கவில்லை. விளக்கச் சொல்லி எவரும் கேட்கவுமில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? உட்கார்ந்திருந்தேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கறிஞர் ஒருவரிடம் திண்டிவனத்தில் குமாஸ்தாவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். நாற்பது கிலோமீட்டர் போக, நாற்பது கிலோமீட்டர் வர. என் வாழ்நாளில் பாதி அந்தச் சாலையிலேதான் கழிந்தது. ஆயுதச் சட்டத்தின் கீழ்ப் போடப்பட்ட வழக்குகள் எத்தனையோ என் கைப்படக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஆறு கத்திகளுக்கும் அந்தச் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்பது, அந்தப் பேருந்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறெவருக்கும் தெரிந்திருக்க முடியாது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். அன்று பத்தரை மணிக்குள் தாக்கல் செய்யவேண்டிய மனு ஒன்று பையில் இருந்தது. சாக்குத் தேடுகிறவனுக்கு மனு எதற்கு, மழைத்தூறல் போதாதா?

சாளரம் வழியே பார்த்தேன். காவலர் ஒருவர் கத்தி ஒன்றை எடுத்தார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகல விரித்து, பிடி நீங்கலாக அலகின்மேல் வைத்து அளந்தார்.

“சாணுக்கு மேலே இருக்குங்க அய்யா!”

அந்தச் சொல் என்னை எழுப்பிவிட்டது. அதற்குக் காரணம் சட்டமன்று. என் தந்தையார்.

அவர் சவுக்கு வெட்டும் தொழிலாளி. கடற்கரைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு மூலையில் வெட்டு இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு நிலம் இல்லை, மாடு இல்லை, பட்டா இல்லை, கத்தி இருந்தது. பழைய லாரியின் வில்லுப்பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொல்லர் கொடுத்த கத்தி. புளியமரக் கட்டையில் தந்தையார் தாமே பிடி செதுக்கிப் போட்டுக்கொண்டார். இரவில் அதைக் கூரையின் இறவாணத்தில் செருகி வைப்பார். நாங்கள் தொட்டால் அடி விழும். அன்புக்குரிய பொருள் என்று ஏதேனும் அவருக்கு இருந்ததா என்று கேட்டால், தாயார் கோபித்துக்கொண்டாலும் சரி, அந்தக் கத்தியைத்தான் சொல்வேன்.

1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். விழுப்புரம் பற்றி எரிந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் அந்த நகரில் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். எனக்கு அப்போது வயது பத்து. நகரத்துக்கு வெளியே எங்கள் சேரியில் இரவெல்லாம் ஒருவரும் உறங்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. கொல்லப்பட்டவர்களில் தந்தையாருக்குத் தெரிந்தவர்களும் உண்டு. சில நாட்கள் கழித்து, அடுப்பு எரிய வேண்டுமே என்று, கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வழியில் நிறுத்தினார்கள். ஒருவர் சாண் வைத்து அளந்தார். “சாணுக்கு மேலே இருக்கு” என்றார். கத்தியை வாங்கிக்கொண்டு, “நிலைமை அடங்கினதும் ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கோ” என்றார்கள். துக்கம் காத்த வீட்டுக்காரனிடம் ஆயுதம் பறித்தாயிற்று!

நிலைமை அடங்கியது. தந்தையார் போனார். “நாளைக்கு வா.” போனார். “பெரியவர் இல்லை.” போனார். நான்காம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உடன் இருந்தால் மதிப்பார்கள் என்று எண்ணினாரோ என்னவோ. வாசலிலே நின்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்தக் கத்தி?” என்றார். எந்தக் கத்தி! ரசீது உண்டா? இல்லை. எழுத்து உண்டா? இல்லை. சாட்சி உண்டா? நானும் புளியமரமும்தான்.

அதன்பிறகு ஓராண்டு அவர் இரவல் கத்தியில் வேலை செய்தார். கத்தி கொடுத்தவர் கூலியில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். என் அண்ணன் பள்ளியை விட்டது அந்த ஆண்டில்தான்.

அதனால்தான் எழுந்தேன். வீரத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் இறங்கியதும் பேருந்து கிளம்பிவிட்டது. மனுவும் அதனோடு போயிற்று; பையை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். (மாலையில் பணிமனையில் கிடைத்தது.) உதவி ஆய்வாளர் இளைஞர். முகத்தில் உறக்கமின்மை தெரிந்தது, கொடுமை தெரியவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். காக்கி கண்டவரையெல்லாம் கரித்துக் கொட்டுவது எளிது. நான் கண்டதைக் கண்டபடி எழுதவே இதைத் தொடங்கினேன்.

“அய்யா, இவை கரும்பு வெட்டும் கத்திகள். இவர்களைப் போகவிடலாமே” என்றேன்.

“நீங்க யாரு?”

“பேருந்தில் வந்தவன்.”

“சார், ஒன்பது அங்குலத்துக்கு மேலே அலகு இருந்தா ஆயுதம். ரெண்டு அங்குலத்துக்கு மேலே அகலம் இருந்தாலும் ஆயுதம். ரூல்ஸ் தெரியாம பேசாதீங்க.”

அவர் சொன்னது பொய்யன்று. பாதி மெய்! 1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில் அப்படி ஒரு வரி உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, கத்தி முதலானவற்றை அடுக்கி, ஒன்பது அங்குல நீளத்துக்கோ இரண்டு அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட அலகுடையவை என்று அது சொல்கிறது. சொல்லிவிட்டு நிற்கவில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கோ, உழவுக்கோ, அறிவியல் ஆய்வுக்கோ, தொழிலுக்கோ என வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக என்று அதே வாக்கியம் தொடர்கிறது. ஒரு வாக்கியத்தின் முன்பாதியைப் படித்தவர் பின்பாதியைப் படிக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் முன்பாதியோடு மணி அடித்துவிட்டதோ!

அட்டவணை போகட்டும், மூலச் சட்டம் இருக்கிறதே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு எது ஆயுதம் என்று கூறுகிறது. தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்டதுதான் ஆயுதம். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்றே செய்யப்பட்ட பொருள் ஆயுதமன்று. தடியும் சாதாரணக் கைத்தடியும் அங்கே எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. 1962 விதிகளுக்குப் பதிலாக 2016-இல் புதிய விதிகள் வந்தன. இந்த அடிப்படையை அவை அசைக்கவில்லை, அசைக்கவும் முடியாது. விதி சட்டத்தின் பிள்ளை. பிள்ளை தாயை விலக்கிவைக்க இயலுமோ?

இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று நா உலர்ந்து, கால் நடுங்கி, பிரிவு எண்ணைக்கூட ஒருமுறை மாற்றிச் சொன்னேன். உதவி ஆய்வாளர் அலைபேசியை எடுத்துத் தாமே சட்டத்தைத் தேடிப் படித்தார். படித்து முடித்து, சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: “வெட்டுப்பட்டுச் செத்தவன் உடம்பை நீங்க பார்த்திருக்கீங்களா? அதுவும் பட்டறைக் கத்திதான். அவன்கிட்டே கேட்டாலும் கரும்பு வெட்டன்னுதான் சொல்லியிருப்பான்.”

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் அரிவாள் ஆளை வெட்டியதில்லையா? பன்னிரண்டு பிணங்களின் நினைவோடு வளர்ந்த நான் இல்லையென்று சொல்வேனா? 2021 செப்டம்பர் இறுதியில், சைலேந்திர பாபு காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்தபோது, மாநிலமெங்கும் இரண்டே நாட்களில் பெருந்தேடுதல் நடந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளும் அரிவாள்களும் கைப்பற்றப்பட்டன. கொலைகள் மலிந்ததால் எடுத்த நடவடிக்கை. அதை வெறும் அடாவடி என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்ன மறுமொழி இதுதான்: “கத்தியைப் பார்த்தால் தெரியாது அய்யா. ஆளையும் நேரத்தையும் பாருங்கள். பழைய சோற்றுத் தூக்குவாளியோடு, மூன்று பெண்களோடு, காலை ஆறரை மணிக்குப் பேருந்தேறிக் கொலைக்குப் போகிறவன் எவன்? கரும்புப் பாலும் சோகைக் கரியும் அப்பிய கத்தி அது. முகர்ந்து பாருங்கள்.” சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் ஆயுதம் கொண்டு செல்பவனைத் தடுக்கச் சட்டம் காவலருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் அங்கே சூழ்நிலை எது? அந்த ஆறு பேரின் தோற்றமும் பிறப்புமா சூழ்நிலை?

முகர்ந்து பார்க்க அவர் இசையவில்லை. ஆயினும் கத்திகளைக் கொடுத்துவிடச் சொன்னார். ஐந்து வந்தன. ஆறாவதைக் காவலர் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஒண்ணு இருக்கட்டுங்க அய்யா, இன்னிக்குக் கணக்குக்கு” என்றார்.

அங்கேதான் குமாஸ்தாவின் மூளை வேலை செய்தது. “வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மகஜர் எழுதுங்கள். இன்ன இடத்தில், இன்னாரிடம், இன்ன அளவுக் கத்தி, இன்ன காரணத்துக்காகக் கைப்பற்றினோம் என்று எழுதிப் படி ஒன்று தாருங்கள். கைப்பற்றியதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவேண்டும் அல்லவா? நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்” என்றேன்.

ஆறாவது கத்தியும் வந்துவிட்டது. சட்டப் பிரிவைச் சொன்னபோது வாதாடினார்கள். தாளைக் கேட்டபோது தந்துவிட்டார்கள். என் தந்தையார் நான்கு முறை நடந்தாரே, அவரிடம் ஒரு துண்டுத் தாள் இருந்திருந்தால்!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு, தோழர்களே. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களும் துப்பாக்கியை ஒப்படைக்க நேர்கிறது. எவரெவர் ஒப்படைக்கவேண்டும் என்று ஆராய மாவட்டத்தில் குழு உண்டு. ஒப்படைத்ததற்கு ரசீது உண்டு. தேர்தல் முடிந்ததும் எண்ணெய் காயாமல் திரும்பி வருகிறது. உயிர் பறிக்கவே செய்யப்பட்ட கருவிக்கு இத்தனை மரியாதை! கரும்பு வெட்டச் செய்யப்பட்ட கருவிக்கோ “எந்தக் கத்தி?”

ஊர் எல்லையிலே அய்யனாருக்கும் வீரனுக்கும் ஆளுயரத்துக்கு அரிவாள் அடித்து நட்டிருக்கிறார்கள். சாண் வைத்து அளந்தவர் உண்டா? ஆயுத பூசையன்று அரிவாளுக்குப் பொட்டு, மறுநாள் அதைத் தூக்கியவனுக்கு மிரட்டு. சாமியை மட்டும் சொல்லுவானேன்? நம் கட்சி மேடைகளிலே தலைவர்களுக்கு வெள்ளியில் வீரவாள் வழங்குகிறோமே, அது எத்தனை அங்குலம்? பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலரே கைதட்டுகிறார்!

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் 1791-லேயே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசமைப்பில் எழுதிக்கொண்டார்கள். பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியை ஊரறிய இடுப்பில் தொங்கவிட்டுக் கடைத்தெருவில் நடக்கலாம். சட்டம் அறியாத காவலர் தடுத்தால், பிரிவைச் சொல்லி வாதாடுவதைக் கொள்கையாகவே கொண்டவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டுத்தள்ளும் செய்தி அடிக்கடி வரும் நாட்டின் துப்பாக்கி உரிமையை நமக்குக் கேட்பது பேதைமை. நம் அரசியல் நிர்ணய சபையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1931-இல் கராச்சிக் காங்கிரசு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று தீர்மானித்திருந்தது. அதைக் காட்டி 1948 டிசம்பரில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. சரியாகவே செய்தார்கள் என்பேன். ஆயுதம் உரிமையானால் அது முதலில் யார் வீட்டுக்குப் போயிருக்கும்? சேரிக்கா? 1978-இல் விழுப்புரத்தில் துப்பாக்கியும் சேர்ந்திருந்தால் பிணங்கள் பன்னிரண்டோடு நின்றிருக்குமா?

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனிடம் உரிமம் கேட்டது. வெள்ளையனுக்கு விலக்குத் தந்தது. குடகு மக்களுக்கும் அந்நாளில் விலக்குத் தந்தார்கள். அது இன்றளவும் நீடிக்கிறது, 2029 வரை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. சீக்கியர் கிர்ப்பான் தரிப்பது அவர்தம் சமய உரிமையில் அடங்கும் என்று அரசமைப்பின் 25-ஆம் பிரிவே விளக்குகிறது. மரபுக்கு இடம் தந்தார்கள். மதத்துக்கு இடம் தந்தார்கள். உழைப்புக்கும் இடம் தந்திருக்கிறார்கள். அது விலக்குமன்று, சலுகையுமன்று; ஆயுதம் என்னும் சொல்லின் பொருளிலேயே உழைப்பாளியின் கருவி சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு நல்ல வரிதான் சாலையோரத்தில் செத்துக் கிடக்கிறது.

ஆறு கத்திகளையும் சாக்கில் சுருட்டிய பெரியவரிடம் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்க திண்டிவனம் போயிடுவீங்க சார். நாங்க நாளைக்கும் இந்த ரோட்டுலதான வரணும்.”

அவ்வளவுதான் சொன்னார். உடனிருந்த அம்மாள், “சும்மா இருந்திருந்தா ரெண்டு அதட்டு அதட்டிட்டு அனுப்பியிருப்பாங்க” என்றார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவர்கள் அஞ்சியதில் பொருள் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. இந்தியா முழுமைக்கும் 1952-இல் ஒழிந்தது. ஏட்டில் ஒழிந்ததே தவிர, நாட்டில் ஒழிந்ததா? இந்த வட்டாரத்தில் எங்கேனும் திருட்டுப் போனால் இருளர் குடிசைக்கு ஜீப் போவதும், பொய் வழக்கும், அடியும், அவற்றை எதிர்த்துப் பேராசிரியர் கல்யாணி போன்றோர் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்துப் போராடியதும் ஊரறிந்த கதை. திருக்கோவிலூர்ப் பக்கம் 2011 நவம்பரில் இருளர் பெண்கள் நால்வருக்கு நேர்ந்த கொடுமையில் குற்றம் சாட்டப்பட்டவர்களே காவலர்கள்தாம். நான் ஒருநாள் பேசிவிட்டுப் போனேன். என் பேச்சுக்குரிய வட்டியை அவர்கள் கட்டவேண்டி வரலாம்.

அன்று அவர்கள் கொல்லைக்குச் சேர்ந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. வெட்டிய கரும்பை ஒருநாளைக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எடையும் சர்க்கரையும் குறையும். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகவேண்டிய வண்டி காத்து நின்றது. மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடித்தார். இதை நான் பிறகுதான் அறிந்தேன். அந்த வாரமே அந்தக் கொல்லையைத் தேடிப் போனேன்.

போய்ப் பார்த்தபோதுதான் கத்தியின் அருமை மறுபடி விளங்கிற்று. கரும்பைத் தரையோடு ஒட்ட வெட்டவேண்டும். சர்க்கரை மிகுதியும் அடிக்கணுக்களிலே இருக்கிறது; நாலு விரல் உயரம் விட்டு வெட்டினால் ஆலைக்கு நட்டம், மறுதாம்புக்கும் கேடு. குனிந்து ஒரு வீச்சு, நிமிர்ந்து சோகை கழிக்க ஒரு வீச்சு, கொழுந்தாடை நறுக்க ஒரு வீச்சு. நாளெல்லாம் இப்படி. கத்தி கைக்கு அமையாவிட்டால் மாலைக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். அதனால்தான் இரவல் கத்தி ஆகாது. அதனால்தான் கொல்லையில் போட்டுவிட்டும் வரமுடியாது; இன்று இந்தக் கொல்லை, நாளை எந்தக் கொல்லையோ!

இன்னொன்றையும் அங்கே அறிந்தேன். 2021 தேடுதலை ஒட்டி, கத்தி அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பட்டறைக்காரர்கள் குறித்துவைக்க வேண்டும் என்று காவல்துறை கட்டளையிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைக் கொடுக்க இவர்கள் அஞ்சினார்கள். எங்கோ ஒரு கொலை நடந்தால் ஏட்டைப் புரட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்களே என்ற அச்சம். ஆகவே இவர்கள் மூவருக்கு மேஸ்திரி தம் பெயரில் கத்தி வாங்கித் தந்தார். விலையை முன்பணக் கணக்கில் ஏற்றினார். கத்தி யாருடையது? பட்டறை ஏட்டின்படி மேஸ்திரியுடையது. என் தந்தையாரிடம் எதுவும் இல்லாதபோதும் ஒரு கத்தி இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லாமற் போகிறது. எந்த அதிகாரியும் இதைக் கருதிச் செய்திருக்கமாட்டார். கருதாமல் செய்ததே குறை.

சட்டத்தின் அந்த இரண்டாம் பிரிவைத் தமிழில் எளிதாக எழுதி, அடியிலே ‘கைப்பற்றினால் மகஜர் தருக’ என்று சேர்த்து, சிறு அட்டைகளாக அச்சிட்டு மழைநீர் புகாத உறை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளைஞர்கள் வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிக்கத் தெரியாதுங்க” என்றார். “நீங்கள் படிக்கவேண்டாம், நிறுத்துகிறவர் படிக்கட்டும்” என்றேன். சாக்குக்குள் செருகிக்கொண்டார். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப்பதிவு செய்யவேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. அட்டையைத் திருத்தி அச்சிட்டேன். எத்தனை பேர் அதைக் காட்டினார்கள், எத்தனை பேர் காட்ட அஞ்சினார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. இருவர் காட்டியதாகச் சொன்னார்கள். ஒருவருக்குப் பலித்தது, ஒருவரை, “எவன்டா உனக்கு எழுதிக் குடுத்தான்?” என்று கேட்டார்களாம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் கரை கடந்தது. டிசம்பர் முதல் நாள் விடிந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடு. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நீர் சற்று வடிந்ததும் நான் திண்டிவனம் போகக் கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டேன். கிளைச் சாலையொன்றில் பெரிய தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. இயந்திர வாள் வர நேரமாகும் என்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய காவலர் ஒருவர் சுற்றி நின்ற மக்களைப் பார்த்து உரக்கக் கூவினார்:

“கத்தி, அருவா இருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்கப்பா!”

வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். நம் பெரியவரும் வந்தார், அவர் குடிசையில் இன்னும் முழங்கால் நீர் நின்றது. கத்தியை ஓங்கிக் கிளைகளைக் கழித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வழி திறந்தது. தேநீர் வந்தது. காவலர் தம் கையாலேயே வாங்கிக் கொடுத்தார்.

பெரியவர் கத்தியைத் துடைத்து, சாக்கைப் பிரித்தார். உள்ளே அட்டை இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சார், இன்னிக்கு இவங்க கூப்ட்டுத்தான் கத்தி எடுத்தாந்தன்னு இதுல தேதி போட்டு எழுதிக் குடுங்க. நாளைக்கிக் கேப்பாங்க.”

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவேண்டியவர் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டிருந்தார்.